புயல் மாமா ஓட்டிய கரண்டு லாரி

என் அக்கா புருஷனுக்கு எங்கள் லாரி கம்பெனியில் புயல் என்று பெயர். பதினெட்டு வருஷம் டீசல் லாரியில் தூர ஓட்டம். வீட்டில் எப்போதாவதுதான் கரை கடப்பார். ஒருமுறை அப்படி வந்தபோது அவர் மகளே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "அப்பா வெளிய போயிருக்காரு, உக்காருங்க" என்றாளாம். அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள், பக்கத்து ஓட்டம் வாங்குங்கள், இல்லையென்றால் அந்த லாரியையே கட்டிக்கொள்ளுங்கள் என்று.

அந்த நேரம் பார்த்து, புகையைக் குறைக்கப் போகிறோம் என்று கம்பெனி நாலு கரண்டு லாரி இறக்கியது. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் ஓட்டம். மாமா மூன்று மாதம் ஆபீசுக்கு நடையாய் நடந்து ஒன்றை வாங்கினார். நடந்த நடையில் ஆபீஸ் படி அரை அங்குலம் தேய்ந்துவிட்டது, நானே அளந்து பார்த்தேன்.

இந்த வண்டிகளுக்கென்றே ஒரு அதிகாரி வந்தார். பசுமை சார் என்று பெயர் வைத்தோம். வந்ததும் சுவரில் இரண்டு உத்தரவு ஒட்டினார். வண்டியில் காலி இடமே இருக்கக் கூடாது, கதவை மூடுமுன் போட்டோ அனுப்ப வேண்டும். இது ஒன்று. சார்ஜ் தீர்ந்து வழியில் நிற்கக் கூடாது, மூன்று தடவை நின்றால் வண்டி வேறு ஆளுக்கு. இது இன்னொன்று.

தலையணை ஏற்றினால் இரண்டும் நடக்கும். எங்களுக்கு வருவதோ சோப்புப் பெட்டி. கூரை முட்ட ஏற்றிய கனத்தில் சார்ஜ் தீர்ந்து முதல் வாரமே இரண்டு தடவை வண்டி நடுவழியில் படுத்துவிட்டது. இழுத்து வரப் போனது ஒரு கிழட்டு டீசல் லாரி. அது விட்ட புகையில் காக்காகூட இருமியது.

இடத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள் என்று மாமா கெஞ்சினார். போட்டோவில் எடை தெரியாதே என்றார் சார்.

லோடு ஏற்றுகிறவன் நான். மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மாப்ள, கடைசி நாலு வரிசைக்கு வெறும் அட்டப்பெட்டிய ஒட்டி அடுக்கு. பாக்குறதுக்கு நெறஞ்சிருந்தா போதும்."

அடுக்கினேன். மிச்சச் சோப்பு டீசல் வண்டியில் போனது. போட்டோ சாருக்குப் போனது. போட்டோவைத் தவிர அவர் வேறெதையும் பார்க்கிற ஆள் இல்லை.

ஒன்றரை மாதம் சொர்க்கம். ஆறு மணிக்கெல்லாம் மாமா வீட்டில். மகள் அப்பா முகத்தை மனப்பாடம் செய்துவிட்டாள். அக்கா என்னைப் பார்த்தே சிரித்தாள், பத்து வருஷத்தில் அது இரண்டாவது தடவை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சார் எல்லாரையும் கூட்டினார். முழு லோடு ஏற்றியும் கால்வாசி சார்ஜ் மிச்சம் வைக்கிற டிரைவர் இவர்தான் என்று மாமாவுக்குக் கை தட்டச் சொன்னார். தட்டினோம். அந்தச் சந்தோஷத்திலேயே, திங்கட்கிழமை முதல் மாமாவின் ஓட்டத்தில் இன்னும் இரண்டு ஊரைச் சேர்த்தார். அறுபது கிலோமீட்டர் கூடுதல்.

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் வண்டி போகும். சொல்லாமல் ஓட்டினால் மூன்றாவது தடவை வழியில் நிற்கும், அப்போதும் போகும். வண்டி முழுக்க அட்டைப்பெட்டி ஏற்றினால்தான் அத்தனை தூரம் போய் வரலாம். கடைக்காரன் அட்டையைத் தேய்த்தா குளிப்பான்? சார்ஜ் போடுகிற மிஷின் கெட்டுப்போச்சு என்று சொல்லும்படி யோசனை கொடுத்தேன். முறைத்தார்.

திங்கட்கிழமை காலை நேராகச் சார் முன்னால் போய் நின்றார். என் பேரை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். "வண்டி நல்ல வண்டி சார். எடைய வெச்சு லோடு குடுங்க, ஒரு நாள்கூட நிக்காம ஓட்டிக் காட்டுறேன்."

அந்தப் போட்டோக்களை உதாரணம் காட்டி மேலிடத்துக்கே எழுதிவிட்டாராம் சார். எல்லா ஊர் கிளைக்கும் அதே உத்தரவு போய்விட்டதாம். இனி மாற்ற முடியாதாம்.

"எனக்குப் புரியறது ஒண்ணுதான், நீங்க ஏமாத்திட்டீங்க. சாவிய வெச்சிட்டுப் போங்க."

அதே மேஜையில் டீசல் லாரி சாவி கிடந்தது. மூன்று நாள் தூரம், அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

துணிமணி எடுக்க மத்தியானம் வீட்டுக்கு வந்தார். துணைக்கு நானும் வந்தேன். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் பல்.

"என்னங்க, இன்னைக்கு இவ்ளோ சீக்கிரமா வந்துட்டீங்க?"

மாமா எக்கி, அலமாரி மேலிருந்த பையை இறக்கினார்.