முதுகில் கூடை இல்லாத நாள்

பத்மாக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் செர்ரி மரத்தடியில் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், அக்கா ஊர் திரும்பும்வரை, நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். வருடா வருடம் மார்ச் கடைசியில் இல்லத்துப் பெரியவர்களை ஆற்றங்கரைக்குப் பூப் பார்க்க அழைத்துப் போவோம். இந்த வருடமும் போயிருந்தோம். போன் அதிர்ந்தது. இலங்கையில் நிவித்திகலயிலிருந்து அக்காவின் தம்பி செல்வத்தின் குரல் பதிவு.

"தேவியக்கா, நம்ம அக்கா விடியக்காலையில தவறிட்டாங்க. ரொம்பக் கஷ்டப்படலங்க, தூக்கத்துலயே போயிட்டாங்க. நாளைக்கு அடக்கம்."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அட பாவி மனுஷி, பூப் பாக்குற நாளாப் பாத்தா போகணும்?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நாற்காலியில் இருந்த ஃபுமி சான் திரும்பிப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். தொண்ணூறு தாண்டியவர். காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இருக்காது. பத்மா இறந்துவிட்டார் என்றேன். "பத்மா யார்?" என்றார். அக்காவின் மடியில் தலைவைத்துத் தூங்கிய கிழவி கேட்கிற கேள்வியா இது! நாற்காலியைத் தள்ளினேன். அன்று பூ எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் தோட்டத்துப் பத்மா. மீதிப் பேருக்கு, வெளிநாட்டில் எங்களோடு வேலை செய்த, ஜப்பானிய மரியாதையில் பத்மா சான். இரண்டு பேரையும் பார்த்தவள் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

நான் வரக்காப்பொல பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரி. கொழும்பில் ஜப்பானிய மொழி வகுப்பில்தான் அக்காவைச் சந்தித்தேன். அந்த வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். ஊர் எது என்று கேட்டேன். பதில் சொல்லுமுன் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "நீ எந்தத் தோட்டம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ரப்பர் என்றேன். "அப்ப பால் வெட்டுற கூட்டமா? சரி, ரப்பர்காரி, உங்கிட்ட சொல்லலாம். நான் தேயிலைக் கொழுந்து எடுத்தவ. ஆனா வெளிய வாய் தொறந்தேன்னு வையி, நாக்கை அறுத்துருவேன்." அன்றிலிருந்து கடைசிவரை நான் அவருக்கு ரப்பர்காரிதான்.

ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு கதை சொன்னார். பள்ளிக்கூடம் முடித்துக் கொழுந்து மலையில் வேலைக்குப் பேர் பதிந்த புதிது. முதல் சம்பளத்தில் தீபாவளிக்கு உடுப்பு வாங்க பெல்மதுளை டவுனுக்குப் போயிருக்கிறார். கடையில் ஒரு நல்ல சேலையைத் தொட்டுப் பார்த்தபோது, விற்கிற பெண் இவருடைய விரலைப் பார்த்திருக்கிறாள். கொழுந்துக் கறை அவ்வளவு லேசில் போகாது. "தோட்டத்து ஆளுகளுக்கு அந்தப் பக்கம் இருக்கு" என்று தரையில் குவித்திருந்த துணிகளைக் காட்டினாளாம். "அவ கெட்டவ இல்லடி. உதவி செய்யுறதா நெனச்சுத்தான் சொன்னா. அதான் எனக்குத் தாங்கல" என்றார் அக்கா. அதன்பிறகு சிங்களத்தை அச்சு மாறாமல் பேசக் கற்றுக்கொண்டார். யார் கேட்டாலும் ஊர் ரத்னபுர. அதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஷிசுவோகாவில் எங்கள் அறையில் மூன்றாவதாக இருந்தவள் நில்மினி, காலி நகரப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. ரத்னபுர என்றதும், "ஆ, மெணிக் பெத்தே!" என்றாள், மாணிக்கம் தோண்டுகிற பக்கமா என்று. அக்கா, "ஔ, ஔ" என்று தலையாட்டிவிட்டார். அந்த ஒரு தலையாட்டலில் அவர் மாணிக்க வியாபாரி வீட்டுப் பெண்ணாகிப்போனார். நில்மினி இல்லம் முழுக்கச் சொல்லிவைத்தாள். ஜப்பானியர்கள் அக்காவின் வெறும் விரல்களைப் பார்த்து, மோதிரங்களை ஊரில் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அக்கா என் முதுகில் ஒன்று வைப்பார்.

வசந்தம் வந்தால் அந்த ஊருக்கு ஒரே கொண்டாட்டம். மார்ச் தொடங்கியதும் பெண் பிள்ளைகளுக்காகப் பொம்மைத் திருநாள். சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா, ராணி, சேடிப் பெண்கள் என்று பொம்மைகளை அடுக்குவார்கள். இல்லத்தின் கூடத்தில் முதன்முதலாக அதைப் பார்த்த அக்கா, "அட, கொலு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுண்டல் எங்கே என்றும் கேட்டார். பண்டிகை முடிந்ததும் பொம்மைகளை எடுத்து வைக்காவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. நாற்பதைத் தொட்டும் கழுத்தில் தாலி ஏறாத அக்கா இதைக் கேட்டுவிட்டு, "எங்க லயத்து வீட்டுல பொம்மையே இருந்ததில்ல. யாரு எத எடுத்து வைக்க மறந்தாங்களோ!" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

பிறகு செர்ரிப் பூ. நல்ல மரத்தடி கிடைக்க வேண்டுமென்றால் விடியற்காலையிலேயே யாராவது போய் நீல விரிப்பைப் போட்டு இடம் பிடிக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்களைத்தான் அதற்கு அனுப்புவார்கள். முதல் வருடம் நானும் அக்காவும் போனோம். விரிப்பைப் பார்த்ததும் அக்காவுக்குப் பிடிபட்டுவிட்டது. "இது நம்ம படங்குடி!" ஈரச் செடி உரசாமல் இருக்கக் கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்வார்களே, அந்தப் படங்கு. "நாம இடுப்புல கட்டிட்டு நின்னோம். இவனுக கீழ விரிச்சு உக்காந்துட்டானுக. பூப் பாக்க லீவு போடுற சனத்த இங்கதான் பாக்குறேன்" என்றார்.

உட்கார்ந்திருப்பதுதான் எங்களுக்கு அன்று கொடுத்த வேலை. அதுதான் அவரால் முடியவில்லை. எழுந்து எழுந்து பாதையைப் பார்த்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்றேன். "தெரியலடி. சும்மா இருந்தா கங்காணி வந்துருவாருன்னு இருக்கு" என்றார். நான் ஒரு கண் அயர்ந்து எழுந்தபோது மரத்தடி முழுக்கக் கூட்டிப் பெருக்கின மாதிரி இருந்தது. விழுந்து கிடந்த சுள்ளிகளையெல்லாம் பொறுக்கி, கொடியால் இறுக்கிக் கட்டி, ஒரு விறகுக் கட்டாக வைத்திருந்தார். எங்கள் அறையில் இருந்தது மின்சார அடுப்பு! "பழக்க தோஷம், வாய மூடு" என்றார். கட்டை அங்கேயே விட்டுவிட்டு வர அவருக்கு மனமே இல்லை.

இனி அந்தத் தேயிலை நாள். ஷிசுவோகா தேயிலைக்குப் பேர்போன ஊர். மே மாதம் முதல் கொழுந்து வரும்போது நகரத்துச் சனங்கள் குடும்பத்தோடு மலைக்குப் போய், நீலக் கிமோனோ உடுத்தி, சிவப்புப் பட்டி கட்டி, ஆசைக்குக் கொழுந்து கிள்ளுவார்கள். அதற்குக் கட்டணம் வேறு. அக்கா நெஞ்சில் கைவைத்தார். "காசு குடுத்துக் கொழுந்து எடுக்க வாராங்களா? நம்ம சனத்துக்கிட்டச் சொன்னா நம்மளப் பைத்தியம்னுவாங்க."

எங்கள் இல்லத்துப் பெரியவர்களையும் ஒருநாள் அங்கே அழைத்துப் போனோம். இடுப்பு வலி என்று அன்று வராமல் இருக்கப் பார்த்தார் அக்கா. செடியைத் தொட்டால் கை காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம் எனக்குத் தெரியும். ஆனால் ஃபுமி சான் விடவில்லை. அந்த அம்மா இளம் வயதில் வசந்தம்தோறும் தேயிலை பறித்தவர். "என்னால் எழுந்து நிற்க முடியாது. எனக்காக நீ பறி" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

தூரத்தில் ஃபுஜி மலை, எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிவனொளிபாத மலைக்கு வெள்ளைத் துண்டு போர்த்தின மாதிரி. அக்காவுக்கும் கிமோனோவும் சிவப்புப் பட்டியும் மாட்டி, வயிற்றில் ஒரு சின்ன மூங்கில் கூடையைக் கட்டிவிட்டார்கள். அங்கே கூடை முன்பக்கம். அக்கா என்னமாய் நடித்தார் தெரியுமா! ஒவ்வொரு இலையாக, ஏதோ முள்ளைத் தொடுகிற மாதிரி கிள்ளினார். பக்கத்தில் நில்மினி அதைவிட நன்றாகக் கிள்ளினாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். யாரோ கேட்ட கேள்விக்கு அக்கா ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு மும்முரத்தில் நடிப்பை மறந்துவிட்டார். இரண்டு கையும் செடிமேல் ஓடத் தொடங்கின. கைப்பிடி நிறைந்தது. நிறைந்ததும் அந்தக் கை தானாக உயர்ந்து, தோளுக்கு மேலாகக் கொழுந்தைப் பின்னால் வீசியது.

பின்னால் கூடை இல்லை. ஃபுமி சான் இருந்தார்.

தலையில், மூக்குக் கண்ணாடியில், மடியில், எல்லா இடமும் கொழுந்து. எல்லோரும் திகைத்துப்போனார்கள். எங்கள் மேற்பார்வையாளர் ஓடிவந்து, "பத்மா சான், பூச்சி ஏதாவது கடித்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், தப்பிவிடலாம். சொல்லுங்க அக்கா, சொல்லித் தொலைங்க என்று எனக்குள் அடித்துக்கொண்டது. ஆனால் நில்மினி கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கைவீச்சு எதுவென்று இலங்கையில் பிறந்தவர் யாருக்குத்தான் தெரியாது? "பத்மா அக்கே, ஒயா தே வத்தெத?" என்றாள். நீங்கள் தேயிலைத் தோட்டமா?

அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை நிமிர்த்தினார். "ஔ நங்கி, தே வத்தே" என்றார், ஆமாம் தங்கச்சி, தோட்டம்தான் என்று. மேற்பார்வையாளரிடம் ஜப்பானிய மொழியில் சொன்னார்: "பூச்சி இல்லை. எங்கள் ஊரில் கூடை முதுகில் இருக்கும். நானும் என் அம்மாவும் கொழுந்து பறிக்கிறவர்கள்." ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை.

ஃபுமி சான் கண்ணாடியில் ஒட்டியிருந்த கொழுந்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். "முதுகிலா? அப்படியென்றால் கைக்கு இடைஞ்சல் இல்லை, நல்ல யோசனை. செய்து காட்டு" என்றார். அக்கா சிவப்புப் பட்டியை அவிழ்த்துக் கூடையில் மாட்டி, தலையில் கொடுத்து முதுகில் தொங்கவிட்டார். பிறகு பறித்தார். யாருக்கும் காட்டுவதற்காக அல்ல, மெதுவாக, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. நிரையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தவரிடம் அப்படி ஒரு முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "ரப்பர்காரி, கங்காணி இல்லாம எடுத்தா இந்த வேல எம்புட்டு நல்லா இருக்குடி" என்றார். அங்கேயே என் தோளில் சாய்ந்து அழுதார்.

பஸ்ஸில் திரும்பும்போது நில்மினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்ற கோபம். அப்போ மாணிக்கம்? என்று கேட்டாள். "மாணிக்கம் தோண்டுறவங்க எங்க மலைக்குக் கீழ நின்னாங்க, நாங்க மேல நின்னோம். அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சிங்களத்தில் சொன்னார் அக்கா. அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு யார் ஊர் கேட்டாலும் அக்கா தோட்டத்தின் பேர், டிவிஷன் பேர் வரைக்கும் சொல்வார். இருக்க முடியாமல் அலைகிற யாரைப் பார்த்தாலும், "கூடைய எறக்கிட்டு உக்காருடி" என்பதும் அன்றிலிருந்துதான்.

சுகமில்லாமல்தான் ஊருக்குத் திரும்பினார். ரத்னபுர ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்த இந்த மாசி மாதம், ஒரு நாள் என்னை வீடியோவில் அழைத்தார். லயத்துக்கு மேலே வேலி ஓரத்தில் கிளிரிசிடியா மரங்கள் இலை உதிர்த்து, கிளையெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றன. ஆட்டுக்குத் தழை வெட்டுகிற மரம். அதை அண்ணாந்து பார்த்தவர் எங்கள் ஊர்களில் உண்டா? அதன் கீழே படங்கை விரித்து அக்கா உட்கார்ந்திருந்தார். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். "ஐயோ பத்மா, மயக்கமா? செல்வத்தக் கூப்புடவா?" அங்கே ஒருத்தி தரையில் உட்கார்ந்தால் நோய் என்றுதானே அர்த்தம்.

"மயக்கமும் இல்ல மண்ணும் இல்ல. பூப் பாக்குறேன். கூடைய எறக்கிட்டு நீங்களும் உக்காருங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதான ஒரு அம்மா மட்டும் கூடையோடு குந்தினார். அதை இறக்கச் சொல்லி அக்கா சத்தம் போட்டார். பிறகு இன்னொருத்தி, இன்னொருத்தி. யாரோ பிளேன்டீ கொண்டுவந்தார்கள். கடைசியில் போனில் அக்காவின் முகத்தையே காணோம், அவ்வளவு கூட்டம். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் சத்தத்தை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அடக்கத்துக்கு என்னால் போக முடியவில்லை. மே மாதம் வழக்கம்போல் இல்லத்தார் தேயிலை மலைக்குப் போனோம். வயிற்றில் கூடையைக் கட்டிவிட்டார்கள். எனக்குக் கொழுந்து எடுக்கத் தெரியாது, நான் ரப்பர்காரி. தெரிந்தமட்டும் கிள்ளினேன். ஒரு பிடி சேர்ந்ததும், பின்னால் கூடை இல்லை என்று தெரிந்தே, தோளுக்கு மேலாக வீசினேன். பாதி என் தலையிலேயே கொட்டியது.

பின்னால் இருந்த ஃபுமி சான் தன் மடியில் விழுந்த இரண்டு இலைகளைப் பொறுக்கினார். என்னைச் சரியில்லை என்பதுபோலப் பார்த்தார்.

"கையை இன்னும் மேலே தூக்கு, பத்மா சான்" என்றார். "போன தடவை நன்றாக வீசினாயே."

நான் யாரென்று அவருக்குச் சொல்லவில்லை. கையை இன்னும் மேலே தூக்கினேன். பத்மாக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கைவீச்சுதான். எனக்கு அது சரியாக வராது. ஆனாலும் விடமாட்டேன்.