மோட்டர் சுப்பராயலுவின் மௌன விரதம்

"தென்கிழக்கு வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில்..." என்று உள் அறையில் தொலைக்காட்சி முணுமுணுத்தது. கூடத்தில் விருந்தாளிக்கு எதிரே உட்கார்ந்திருந்த சுப்பராயலு பாதி எழுந்துவிட்டார். சமையலறை வாசலில் நின்ற பட்டம்மாள், கண்ணாலேயே கணவரை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தாள். உள்ளே போய் தொலைக்காட்சியின் வாயையும் அடைத்துவிட்டு வந்தாள்.

இருபத்து நான்கு மணி நேரத்தில் என்ன? அது தெரியாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு எவ்வளவு கொடிய தண்டனை என்பது கடலூர் செம்மண்டலத்துக்கே தெரியும்.

சுப்பராயலுவிடம் மூன்று டீசல் மோட்டர்கள் உண்டு. வெயில் காலத்தில் போர்வெல் ரிப்பேர். மழைக் காலத்தில் வீடு புகுந்த வெள்ளத்தை இறைத்து வெளியேற்றும் வேலை. கடலூரில் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்பது மாநகராட்சிக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஆனால் முகங்கள் நினைவில் நிற்பதில்லை. கல்யாண மண்டபத்தில் யாராவது வணக்கம் வைத்தால் ஒரு கணம் விழிப்பார். பிறகு முகம் மலரும். "அட, முட்டித் தண்ணி வூடா! நல்லாருக்கீங்களா?"

உலகச் செய்தி எதுவானாலும் அவர் வாயில் விழுந்தால் மோட்டரில்தான் வந்து முடியும். பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகுகிறது என்று பேப்பரில் வந்த அன்று, டீக்கடை பெஞ்சில் அவர் அழாத குறை.

"கையெழுத்துலாம் போட முடியாதுன்னு எழுந்து போயிட்டான் மச்சான். அந்தத் தண்ணி அங்கியா நிக்கும்? நேரா நம்ம செம்மண்டலத்துக்குத்தான் வரும்."

"வந்தா வரட்டுமே மாமா, ஒனக்குத்தான லாபம் ஜாஸ்தி!" என்றார் டீக்கடைக்காரர்.

"லாபந்தான். எம் வூடும் இங்கதான இருக்குது?"

அந்த வீட்டு வாசல் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு பட்டியல் எழுதியிருக்கும். வெள்ளம் வந்தால் மோட்டர் யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்ற வரிசை. முதல் பெயர் வார்டு கவுன்சிலருடையது. மழைநீர் வடிகால் கட்டித் தருகிறேன் என்று வீடு வீடாகக் கும்பிட்டு ஜெயித்தவர். ஜெயித்த மறுவாரமே நேரில் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

இன்று பட்டம்மாள் அந்தக் கதவை அகலத் திறந்து சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருந்தாள். பட்டியல் தெரியக் கூடாது. காரணம் இருக்கிறது. மகள் வினோதினிக்கு வந்த இரண்டு வரன்களை அவர் வாய் துரத்தியிருக்கிறது. பண்ருட்டிக்காரர்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "'தானே' பொயல்ல ஒங்களுக்குக் கூர மட்டும் போச்சா, செவுருமா?" அடுத்து வந்தவர்கள் தேக்குக் கட்டிலைப் பற்றிப் பெருமையாகச் சொன்னபோது, "காலு எத்தினி அடி ஒசரம்? மெத்த நனையுமே" என்றார். கேசரி தட்டிலேயே ஆறிப்போனது.

இந்த மூன்றாவது வரன் வினோதினியே தேர்ந்தெடுத்தது. அவளோடு வங்கியில் வேலை பார்க்கும் சேரன். "அப்பா, இந்த ஒரு தடவ. மழ, பொயலு, வெள்ளம் எதுவும் ஒங்க வாயில வரக்கூடாது" என்று நேற்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். பெற்ற மகளின் கை. தட்ட முடியவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சேரனின் அப்பா செந்தமிழ்செல்வன். சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு சுற்றிச் சுற்றி அவருடைய வீட்டுக்கு வந்தது.

"எங்க கற்பகவல்லி நகர்லயே நம்ம வூடுதாங்க மேடு. ஒரு சொட்டுத் தண்ணி வராது. பச்ச கேட்டு, ரெண்டு பக்கமும் யானை பொம்ம. தூரத்துலேர்ந்தே தெரியும்."

சுப்பராயலு நிமிர்ந்து உட்கார்ந்தார். பச்சை கேட்! இரண்டு யானைகள்! இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் சிதம்பரத்துக்கு அழைத்துப்போய் ஒன்பது மணி நேரம் இறைக்க வைத்த வீடு. இடுப்பளவு தண்ணீர். பூஜை அறையில் சுற்றிக்கொண்டிருந்த கெளுத்தி மீனைக் கையால் பிடித்து வெளியே விட்டவரே அவர்தான். மொட்டை மாடியில் குடையோடு நின்று யாரோ "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தினார்கள். முகம்தான் நினைவில்லை.

சொன்னால் மகளின் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் மகளே இடுப்புத் தண்ணீரில் நிற்பாள். எந்தத் தகப்பனுக்கும் இப்படி ஒரு சோதனை வரக் கூடாது! அவர் வாயைத் திறந்தார். அதே சமயம் வினோதினி காபியோடு வந்தாள். டம்ளரை நீட்டியவளின் கண்களில் ஈரம் மினுங்கியது. வாய்வரை வந்த இடுப்புத் தண்ணீரைக் காபியோடு சேர்த்து அவர் விழுங்கிவிட்டார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாடி இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்குங்க. ரெண்டு ரூமு."

"படிக்கட்டு வெளியவா, வூட்டுக்கு உள்ளாரவா?"

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது. செந்தமிழ்செல்வன் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"உள்ளாரதாங்க. கைப்பிடி போட்டிருக்கு. பாத்ரூமும் மேலயே இருக்கு."

சுப்பராயலு நீண்ட மூச்சு விட்டார். "அப்ப எனக்குப் பரிபூரண சம்மதம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்காக என்று பெண்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு விருந்தாளி கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டியவர், உள்ளே யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி, பதினஞ்சு வெள்ளத்துல மஞ்ச ரெயின்கோட்டு போட்டுக்கினு வந்தது நீங்கதான?"

சுப்பராயலு மெல்லத் தலையாட்டினார்.

"நொழஞ்சதுமே தெரிஞ்சிபோச்சி. நெசத்தச் சொன்னா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு பயம். அதான் மேடுன்னு அளந்துட்டேன்."

"எனக்கும் பயந்தாங்க. சொல்லிட்டா பையன் கெடைக்க மாட்டானேன்னு."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. செந்தமிழ்செல்வன் அதை அண்ணாந்து பார்த்தார்.

"கல்யாணத்தத் தையில வெச்சுக்கலாம். அது வரைக்கும்... இந்த மழைக்கி மோட்டரு?"

"அத வுடுங்க சம்பந்தி. நானாச்சு."

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு, சுப்பராயலு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பட்டியல் கண்ணெதிரே வந்தது. உள் அறையில் வினோதினி அப்பாவுக்காகத் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்தாள். அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தைப் பற்றி அது உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் காதில் விழவில்லை. உள்ளங்கையால் கவுன்சிலரை அழுத்தித் துடைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்து, அந்த இடத்தில் பெரிய எழுத்தில் 'சம்பந்தி' என்று எழுதினார்.