ஏழு மாத இடைவெளி

வடிவம்மாளின் இடது கை அடிக்கோலைத் தாளோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை பென்சிலால் ஒரு சதுரம் போட்டது. பக்கத்தில் ஒரு வட்டம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு. சதுரத்தைக் கறுப்பாக்கிவிட்டுப் பிறந்த தேதிகளை எழுதியதும் பென்சில் நின்றது.

ஜனவரியில் மகன் இக்மல். அதே ஆண்டு ஆகஸ்டில் மகள் நஸீஹா.

வடிவம்மாள் இருபத்திரண்டு ஆண்டுகள் பாயான் லெப்பாஸ் ஊரின் மின்னணுத் தொழிற்சாலையில் நுண்ணோக்கி வழியாகச் சில்லுகளில் பழுது தேடியவர். ஆட்குறைப்புக்குப் பிறகு மருத்துவமனைப் பதிவறையில் சேர்ந்து, டாக்டர்கள் வரைந்த தாள்களைப் பார்த்தே குடும்ப வரைபடம் போடக் கற்றுக்கொண்டார். மனச்சிதைவு நோய் பரம்பரையில் எப்படித் தொடர்கிறது என்று தேடும் ஆய்வுக்கு இப்போது அவர்தான் வரைகிறார். மூன்று முறை கேட்காமல் மை தொடமாட்டார்.

"தேதி சரிதானாம்மா?"

எதிரே இருந்த காமாரியா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "ரெண்டும் நான் பெத்ததுதான்லா. எழுதுங்கக்கா."

"ஏழு மாசத்துல அடுத்தது பெக்க நீங்க என்ன பூனையா?"

காமாரியா சிரித்துவிட்டார். பிறகு அழுதார்.

ஒன்பது ஆண்டுகள் பிள்ளையில்லாத தங்கை காமாரியாவுக்கு, அக்காள் சுலைஹா தன் மகனைப் பிறந்த அன்றே கொடுத்தார். தங்கையின் வயிற்றில் அப்போதே நஸீஹா இருந்தது பிறகுதான் தெரிந்தது. இக்மலிடம் யாரும் சொல்லவில்லை. இருபது வயதில் அவன் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியபோது, அடக்கி வளர்த்ததால்தான் என்று உறவினர்கள் காமாரியாவைக் குறை சொன்னார்கள்.

"உண்மைய சொன்னா அந்தப் பழி போயிரும். பிள்ளையும் சேந்து போயிருவானேக்கா?"

"தாள்ல பேரு இருக்காது, நம்பர்தான். அவன்கிட்ட காட்டமாட்டாங்க. ஆனா பொய்யா வரைஞ்சா, டாக்டர் உங்க ரத்தத்துல இல்லாதத தேடிக்கிட்டு இருப்பாரு. பழின்னு யாருக்கும் இல்லம்மா, உங்க அக்காவுக்கும் சேத்துதான் சொல்றேன். அவங்களையும் கேட்டுட்டு வாங்க."

பன்னிரண்டாம் நாள் அக்காள் தங்கை இருவரும் வந்தார்கள். உட்காருவதற்குள் சுலைஹா சட்டைக் கையை மடித்துவிட்டார். "எவ்வளவு ரத்தம் வேணுமோ எடுங்க."

வடிவம்மாள் மையில் வரைந்தார். சுலைஹாவிடமிருந்து சதுரத்துக்கு முழுக்கோடு. காமாரியாவிடமிருந்து விட்டுவிட்டு ஒரு கோடு.

"என் கோடு மட்டும் ஏன் ஓட்டை ஓட்டையா இருக்கு?"

"வளத்தவங்களுக்கு அப்படித்தான் போடணும்."

"தினமும் மாத்திரை குடுக்கறது நான்."

வடிவம்மாள் தாளின் அடியில் 'நோயாளியைக் கவனிப்பவர், உறவு' என்ற வரிக்கு வந்து, சுலைஹாவைப் பார்த்தார். சுலைஹா தலையசைத்தார். 'தாய்' என்று எழுதி, காமாரியாவின் எண்ணைப் பக்கத்தில் போட்டார். மை காய்ந்ததும் தாளைக் காமாரியாவிடமே நீட்டினார்.

"ஒரு தடவ படிச்சிப் பாத்துட்டு, நீங்களே டாக்டர்கிட்ட குடுங்க."

காமாரியா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.