பொன்னேரி சாம்பியனும் இரண்டு மணி சைரனும்

புதுவாயல் லீக்கில் எங்கள் அணி சாம்பியன் ஆனதைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்வது அழகல்ல. இருந்தாலும் சொல்கிறேன், வேறு யாரும் சொல்வதில்லை. அப்படிச் சுற்றுவட்டாரத்தில் லீக் ஜெயித்த அணிகளெல்லாம் மோதும் நாக்-அவுட் கால்பந்துப் போட்டிக்கு அதனால்தான் போனோம். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். செவ்வாப்பேட்டை சாம்பியனை அப்படித்தான் அனுப்பி வைத்தோம். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது பொன்னேரி சாம்பியன். அவர்களுக்குக் கோல் அடிப்பவன் என் மச்சான், மனைவியின் தம்பி. எங்கள் கோல் கீப்பர் நான். நடுவில் மாட்டிக்கொண்டு எந்தப் பக்கம் கைதட்டுவது என்று முழித்தவள் என் மனைவி.

மாமனார் வீட்டுக்குச் சொந்தமாக நெல் வயல் உண்டு. அந்த மாதிரி வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. நான்தான் முதலில் கம்பெனி வேலைக்கு வந்தவன். காதல் கல்யாணம். பேரன் பிறந்ததும் மாமனாரின் கோபம் தணிந்து, எங்களைக் கூப்பிட்டு விருந்து போட ஆரம்பித்தார். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் சாப்பிட மாட்டார். ஒருநாள் விரதம், ஒருநாள் வயிறு சரியில்லை, ஒருநாள் “இப்பதான் நாஷ்டா ஆச்சு.” அம்மா சிரித்துக்கொண்டே பாத்திரத்தை மூடி வைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மச்சான்தான் பந்தயம் கட்டினான். “மாமா, நீங்க கப்பு அட்ச்சா அப்பாவ இட்டுக்கினு உங்க ஊட்டுக்கு சாப்ட வரேன். அவரும் தலையாட்டிட்டாரு.” ஆட்டத்தன்று காலையிலேயே அம்மா நண்டு வாங்கிவிட்டாள். என் கையை அவ்வளவு நம்பினாள்.

காலையில் தொடங்க வேண்டிய ஆட்டம், சிறப்பு விருந்தினர் வந்து எல்லோருக்கும் கைகொடுத்து முடிப்பதற்குள் உச்சி வெயிலுக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கடைசி நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, மைதானத்தை ஒட்டிய இரும்பு உருக்கும் கம்பெனியில் சைரன் ஊதியது. இரண்டு மணி. ஷிப்ட் முடிந்தது.

எங்கள் அணியில் அத்தனை பேரும் அந்தக் கம்பெனி ஷிப்ட் ஆட்கள். சைரன் கேட்டால் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு கேட்டைப் பார்த்துத் திரும்புவோம். உடம்பு தானாகச் செய்கிற காரியம், மூளையைக் கேட்பதில்லை. காலடியில் பந்தோடு நின்ற ஒடிசா தம்பி அதை விட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தான். அவன் பக்கத்தில் நின்றவன் தண்ணீர் பாட்டிலைத் தேடினான். நான் ஒரு கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

பொன்னேரிக்காரர்களுக்கு ஏது சைரன்? மச்சான் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான், என்னைச் சந்தேகமாகப் பார்த்தான், மெதுவாக உள்ளே தள்ளினான்.

“சைரன் சார்!” என்று நடுவரிடம் கத்தினேன்.

“இங்க விசில் ஊதறவன் நானு, கம்பெனி இல்ல,” என்றார் அவர்.

கப் போனது போகட்டும். அடுப்பில் இருந்த நண்டை நினைத்துத்தான் எனக்கு அழுகை முட்டியது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அடுப்பை அணைத்தாள்.

“ஜெயிச்சாதான் அவங்க வருவாங்கோ. தோத்தா நாம எட்த்துக்கினு போவக் கூடாதுன்னு எவன் சொன்னான், நைனா?”

குண்டானைத் துணியில் கட்டிக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் ஏறிவிட்டாள். நானும் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன்.

மாமனார் வீட்டுக் கூடத்தில், கப்புக்குப் பக்கத்திலேயே குண்டானை வைத்துத் திறந்தாள். மச்சான் தட்டோடு வந்து உட்கார்ந்தான். மாமனார் குண்டானைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இன்றைக்கு என்ன விரதமோ?

“மெய்யாலுமே க்ளவுஸ கழட்டிட்டீங்களா மாப்ள?”

“ஒண்ணுதான் மாமா.”

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்து, தரையில் உட்கார்ந்தார்.

“எனக்கும் கொஞ்சம் வைங்க, சம்பந்தி.”

அம்மாவை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் பெரிய நண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தாள். அவர் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா காலிக் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். புதுவாயலில் இறங்கியதும் சொன்னாள்: “அடுத்த தபா நண்டு இன்னும் பெருசா வாங்கணும்.”