டிவியை ஜன்னலால் எறிந்தவர்

வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, கையில் பரிசாகக் கலர்ப் பென்சில் பெட்டியோடு எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டுக்காரர், மோர்டன் நகரத்துத் தேவாலய மண்டபத்துக்குள் வந்து நின்றது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்கான முதல்நன்மை விருந்து. ஒரு காலத்தில் உலகத்தையே அதிரவைத்த ராக் இசைக்குழுவின் பாடகர் அவர். அவர்கள் தங்கிய ஹோட்டல்களில் கதவு மிஞ்சாது, கட்டில் மிஞ்சாது. மேடையில் கிற்றாரை உடைத்துவிட்டு, மீதியை அறைக்கு வந்து உடைப்பார்களாம். அந்த அட்டகாசங்களைக் கதைகதையாகக் கேட்டு வளர்ந்தவர் என் அக்காவின் கணவர், அத்தான்.

விருந்துக்கு அழைத்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பாட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான்: அங்கே குடி இருக்குமா? குடி அவரை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோயிருந்தது. இனித் தொட்டால் பிழைக்கமாட்டீர்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். குடியை விட்டதிலிருந்து அவர் பாடவும் இல்லை. குடிக்காமல் பாடியதே கிடையாதாம். "அந்தக் குரல் என்னுடையதா, போத்தலுடையதா என்று எனக்கே தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஆட்களின் உபசாரம் தெரிந்ததுதானே. வந்தவர் வேண்டாம் என்றால் வெட்கப்படுகிறார் என்றே எடுத்துக்கொள்வோம். நான் ஜூஸோடு போவதற்குள் அத்தான் விஸ்கியை வார்த்து அவர் கையில் திணித்துவிட்டார்.

"அத்தான், அவருக்கு வேண்டாம்."

"என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறாய்? ஜன்னலாலை டிவியைத் தூக்கி எறிஞ்ச மனுசனுக்கு ஜூஸ் குடுக்கிறதே?"

விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். பாட்டுக்காரர் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டித் தடுத்தார். அதற்குள் எல்லோரும் ஒரு பாட்டுக் கேட்டு நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நிறைந்த கிளாசைக் கையில் பிடித்தபடியே அவர் கண்ணை மூடினார். முதல் வரி கரகரத்தது. இரண்டாவது வரியில் குரல் எழுந்தது பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூசை நேரத்திலும் வாய் ஓயாத எங்கள் சனம் மூச்சுக்காட்டவில்லை. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாஸ் உதட்டுப் பக்கம் போகவேயில்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் அவர் குசினிக்குள் போனார். பின்னால் ஓடினேன். விஸ்கியைத் தொட்டிக்குள் கவிழ்த்து, கிளாசையும் தானே கழுவி வைத்தார். விஸ்கி வடிந்துபோன ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னுடைய குரல்தான்" என்றார். பிறகு, யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர், சிறுபிள்ளைபோலக் கேட்டார்: "இன்றைக்கு என்னைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்."

எவ்வளவு பெரிய மனிதர் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. குசினி வாசலில் நின்று கேட்ட அத்தானுக்கும் விளங்கியிருக்க வேண்டும். முகம் செத்துப்போய் நின்றவர், "நான் கூடப் போறன் பிள்ளை" என்று கோட்டை எடுத்தார்.

இப்போதும் ஞாயிறு பூசை முடிந்ததும் அத்தான் நேரே பாட்டுக்காரர் வீட்டுக்குத்தான் போகிறார். இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கறிக்கு வெங்காயம் வெட்டும்போது அந்தக் குரல் எழும்பும். கத்தியை வைத்துவிட்டு நின்று கேட்பேன்.