தப்பி ஓடிய பன்றி

அன்று ஆய்வுக்கூடத்தில் டாக்டரும் இரண்டு வேலையாட்களும் இருந்தார்கள். புதிதாக உதவியாளர் வேலையில் சேர்ந்திருந்த நானும் இருந்தேன். பன்றியை வளர்த்த அம்மா உள்ளே வரவில்லை. பணத்துக்காக கேட்டருகே நின்றிருந்தாள். அவளை, பாகூர்ப் பக்கத்தில் யாரோ ஒரு அம்மா என்றுதான் டாக்டரிடம் சொல்லியிருந்தேன்.

தலையில் அடிபட்டால் மூளை எப்படி வீங்குகிறது என்று பார்க்கப் பன்றி தேவைப்பட்டது. மயக்க மருந்து கொடுத்து, அளந்து ஒரே ஓர் அடி கொடுப்பார்கள். அதற்குள் பன்றி கயிற்றை உருவிக்கொண்டு ஓடியது.

"இன்னாபா, காலேஜி படிச்ச ஆளு பன்னிக்குப் பயப்படறே? ஒதுங்கு, பேண்ட்டு அழுக்காயிடும்" என்றார் ஒரு வேலையாள். நானும் சிரித்து ஒதுங்கினேன். கஞ்சி வைக்கும்போது அம்மா நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுப்பாள். எங்கிருந்தாலும் பன்றி வந்துவிடும். எனக்கும் அந்தச் சத்தம் வரும். கொடுத்தால் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

துரத்தியதில் பன்றி சுவரில் தலை மோதி விழுந்தது.

"இனிமே இது ஒதவாதுபா. நாம குடுக்கற அடி எது, செவுரு குடுத்தது எதுன்னு எப்பிடிப் பிரிக்கறது?" என்றார் டாக்டர்.

உயிர் மட்டும் இருந்த பன்றியை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கக் கேட்டுக்குத் தூக்கிப் போனோம். வேலையாட்கள் பக்கத்திலேயே நின்றார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"நாக்கத் தட்டிக் கூப்புட்டிருந்தா வந்திருக்குமே, சார்" என்றாள்.

வீடு போகும் வழியிலேயே பன்றி செத்தது. டாக்டரிடம் பேசிய விலை முந்நூறு ரூபாய். கறிக்கடைக்காரர் எண்பது கொடுத்தார். எங்களுக்கு நஷ்டம் இருநூற்று இருபது ரூபாய்.