மோட்டார் ரூமில் ஒரு பிரெஞ்சுப் பாடம்

மானாம்பதியில் பிரெஞ்சு தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரிடம் பேசுவது? டீக்கடையில் பேசினால் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்பார்கள். அதனால் வரப்பில் நடக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் பக்கத்துக் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டே விட்டார்: "இன்னாப்பா, தனியா பேசிக்கினு போற? பொண்டாட்டி இல்லாத வூடு. எதுக்கும் மந்திரிச்சி ஒரு கயிறு கட்டிக்க." சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை.

என் மனைவி நர்ஸ். கனடாவில் பிரெஞ்சு பேசுகிற பக்கம் ஒன்று இருக்கிறது, அங்கே வேலைக்குப் போக பிரெஞ்சுப் பரீட்சை பாஸ் செய்ய வேண்டும். அதற்காகப் பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி எட்டு மாதம் படித்தாள். எனக்குக் கம்பெனி வேலை போய், குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கரில் நெல் வைத்துக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் செய்வாள். பாடப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து என்னிடம் ஒரு செட் கொடுத்திருந்தாள். நான் கேட்க வேண்டும், அவள் சொல்ல வேண்டும். கேட்டுக் கேட்டே எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அவளை அழ வைத்த பாடம் ஒன்று உண்டு. 'ப்ளூ க பார்ஃபே' என்று பெயர். நடந்துபோன ஒன்றைப் பற்றிப் பேசும்போது, அதற்கும் முன்னாலேயே முடிந்துபோன இன்னொன்றைச் சொல்வதற்கான காலம் அது. நமக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை. 'நான் போறதுக்குள்ள பஸ் போயிருந்தது' என்று ஓர் 'இருந்தது' சேர்த்தால் தீர்ந்தது. அவர்களுக்கு அப்படி இல்லை. துணைக்கு வரும் வினையே இரண்டு. பெரும்பாலான வினைகளுக்கு 'அவ்வார்'. போவது, வருவது, கிளம்புவது, பிறப்பது, சாவது மாதிரி சிலதுக்கு மட்டும் 'எத்ர்'. அந்தத் துணைவினையை, முன்பு வழக்கமாக நடந்துகொண்டிருந்ததைச் சொல்கிற வடிவத்துக்கு மாற்றி, பக்கத்தில் முக்கிய வினையின் முடிந்த வடிவத்தை வைக்க வேண்டும். சாப்பிட்டிருந்தேன் என்றால் 'ஜாவே மான்ஜே'. கிளம்பியிருந்தேன் என்றால் 'ஜெத்தே பார்த்தி'. கிளம்பியது பெண்ணாக இருந்தால் எழுதும்போது கடைசியில் ஒரு எழுத்து கூடும், காதில் விழாது. இல்லை என்று சொல்வதற்குத் துணைவினைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போட வேண்டும். 'ஜ நாவே பா தி.' நான் சொல்லியிருக்கவில்லை.

எதற்கு அவ்வார், எதற்கு எத்ர் என்பதில்தான் அவளுக்குக் குழப்பம். "தூ, இதுக்கு ஒரே நைட்டுல பத்து டெலிவரி பாத்துடலாம்" என்பாள். நான் விடமாட்டேன். திரும்பத் திரும்பக் கேட்பேன். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அன்றைய பொழுதே எனக்கு நகரும்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது திருப்புலிவனத்தில் இருந்த மாமனாருக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாமியார் எப்போதோ போய்விட்டார். இவள் ஒரே பெண். கழனி வேலைக்குப் போய்ப் போய்த்தான் அவளை நர்ஸ் படிப்பு வரை கொண்டுவந்திருந்தார். சேர்த்த அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாப்ள, பாப்பாவுக்குச் சொல்லிடாத. பட்ச்சிக்கினு கீது. எல்லாத்தையும் போட்டுட்டு எயுந்து வந்துடும்." சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் மனசு மாறிவிட்டார். "மாப்ள, பாப்பாவுக்கு ஒரு போன் போடு. ஒரு வார்த்த பேசிடறேன்." மணி நாலரை. அவளுக்கு கிளாஸ் முடிந்திருந்தது, எனக்குத் தெரியும். "கிளாஸ்ல கீது மாமா, அப்பால போடலாம்" என்றேன். தலையை ஆட்டினார். ஐந்து மணிக்கு அவளே போன் செய்தபோதும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். மறுநாள் விடியும்போது செத்துப்போனார். அந்தப் போனை நான் போடவில்லை என்பதை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவளிடம் எப்படிச் சொல்லப்போகிறேன் என்பதே எனக்கு அப்புறம் வாழ்க்கையாகிவிட்டது.

செத்த அன்றைக்கும் சொல்லவில்லை. மறுநாள் பரீட்சை. எங்கள் பக்கத்தில் இது சகஜம்தான். பரீட்சை இருக்கிறது, பிளைட் ஏறப்போகிறது, வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்றால் கெட்ட சேதியை மூடி வைத்துவிடுவோம். அவளுடைய அத்தை மட்டும் மாரில் அடித்துக்கொண்டு கேட்டார்: "பெத்த பொண்ணு வாய்க்கரிசி போடாம எடுக்கறதா? மூணு மணி நேரத்துல வந்துடுமே, அடப் பாவிங்களா!" நான்தான் கத்தினேன். "எட்டு மாசம் பட்ச்சது வீணாப் போவட்டுமா? மாமாவே சொல்லிட்டுத்தான் போயிருக்காரு, சொல்லாதன்னு." ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு அவர் சொன்னதை மட்டும் சொன்னேன். எல்லோரும் அடங்கிவிட்டார்கள்.

ஐந்தரைக்கு எடுப்பதாக ஏற்பாடு. ஐந்து மணிக்குப் போன் வந்தது. எடுக்காவிட்டால் சந்தேகப்படுவாள். பறை முழங்கிக்கொண்டிருந்தது. தெருக்கோடியைத் தாண்டி ஓடி, யாரோ ஒருவருடைய மோட்டார் ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க சத்தம்?"

"மோட்டார் ஓட்றேன். நீ சொல்லு. 'அவர்கள் வந்திருந்தார்கள்.'"

சொன்னாள். 'அவள் பிறந்திருந்தாள்' கேட்டேன், சொன்னாள். வரிசையில் அடுத்தது சாவது. அதைத் தாண்டி அதற்கடுத்ததைக் கேட்டேன். பதினாறு கேள்வி, ஒன்றுகூடத் தப்பில்லை. "அப்பா எப்டி கீறாரு? மத்தியானம் போன் போட்டா எடுக்கல" என்றாள். "தூங்குறாருமா" என்றேன். நான் திரும்பி வந்தபோது பாடை தெருமுனைக்குப் போயிருந்தது.

மறுநாள் பாண்டிச்சேரிக்குப் போய் பரீட்சை வாசலில் நின்றேன். சிரித்துக்கொண்டே வந்தாள். "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, வா போலாம்" என்று மட்டும் சொன்னேன். வழி நெடுக ஆஸ்பத்திரி, மாத்திரை, ஆக்சிஜன் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பேச்சைக் கேட்டால் யாரும் நம்பிவிடுவார்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். எதிர்ச் சுவரில் அவள் அப்பா படம், மேலே 'கண்ணீர் அஞ்சலி'. அவளுடைய பெரியப்பா பையன்கள் முந்தின நாளே ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். நான் ஒரு முட்டாள், எனக்கு ஞாபகமே வரவில்லை. வருந்துவோர் பட்டியலில் மகள் என்று அவள் பெயர்தான் முதலில் இருந்தது. அவள் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"எப்ப எடுத்தீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"எத்தினி மணிக்கு?"

"அஞ்சரை."

அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. பரீட்சையில் பாஸ் ஆனாள். காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஹாஸ்டலில் இருந்தாள். அப்பா போன பத்தாம் மாதம் கனடா போய்விட்டாள். ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொடுத்தேன். "உடம்பப் பாத்துக்கங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட இதைவிட ஆசையாகச் சொல்வாள்.

அங்கே நர்ஸ் லைசென்ஸுக்கு இன்னொரு பிரெஞ்சுப் பரீட்சை. ஒரு நாள் அவளே போன் செய்தாள். "பழைய மாதிரி கேள்வி கேக்கறீங்களா?" அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அவளுக்குக் காலை, எனக்குச் சாயங்காலம். பாடம் மட்டும்தான். சாப்பிட்டியா, குளிருதா என்று கேட்டால் "அடுத்த கேள்வி" என்பாள். லீவுக்கு வருவாயா என்று கேட்டால் போன் கட்டாகிவிடும். முதல் வருஷத் திதிக்கு நான் மட்டும் மாமனார் படத்துக்கு முன்னால் இலை போட்டுவிட்டு, அந்தச் சோற்றையும் நான் மட்டுமே தின்றேன். ஏன்டா இந்தப் பிழைப்பு என்று வாய்விட்டே அழுதேன்.

போன மாதம் அந்தப் பாடத்துக்கே திரும்ப வந்தோம். அவள்தான் கேட்டாள். "எப்பவும் நானே சொல்றேன். இன்னிக்கு நீங்க ரெண்டு வாக்கியம் சொல்லுங்க. புக்குல இருக்கறது வேணாம்."

சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டாலும் இப்படியே கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் கிழவனாகப் போகிறேன். என்ன தோன்றியதோ, பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். உன் அப்பா உன்னோடு பேசணும் என்று கேட்டிருந்தார். நான் போன் போட்டிருக்கவில்லை. இரண்டுக்கும் அவ்வார்தான். தப்பே இல்லாமல் வந்தது.

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"தமிழ்ல சொல்லுங்க" என்றாள்.

பிரெஞ்சில் வந்தது தமிழில் வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். "உங்கப்பா உன்கிட்ட பேசணும்னு கேட்டாரும்மா. கிளாஸ்ல கீதுன்னு பொய் சொல்லிட்டேன். நீ பரீட்சையை வுட்டுட்டு வந்துடுவியோன்னு பயந்துட்டேன்."

"தெரியும்" என்றாள். "ஆஸ்பத்திரில பக்கத்து பெட்டுக்காரர் சம்சாரம் காரியத்தன்னிக்கே வந்து சொல்லிட்டுப் போச்சி. நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

இவ்வளவு நாள் எதை ஒளித்தேன், யாரிடம் ஒளித்தேன்?

"அடுத்த மாசம் ரெண்டாவது வருஷத் திதி" என்றாள். "லீவு கேட்டிருக்கேன். வரேன். உங்க வூட்டுக்கு இல்ல, எங்க அப்பா வூட்டுக்கு. சாவி உங்ககிட்டதான கீது? தொறந்து கூட்டி வையுங்க."

மறுநாள் காலையில் துடைப்பத்தையும் ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு திருப்புலிவனம் போனேன்.